கணவாயில் வைத்துவிட்டு வந்த பை

பனிக்காலத்தில் எங்கள் ஊரில் காலையில் முதல் வேலை கூரைமேல் விழுந்த பனியைத் தள்ளுவது. எல்லாம் மண் கூரை. ஒரு நாள் சோம்பினால் உத்தரம் முனகும், இன்னொரு நாள் சோம்பினால் முறியும். விடிந்ததும் ஆணும் பெண்ணும் மரத்துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவார்கள். கூரைகள் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதால் ஊர்ப்பேச்சு, சண்டை, கல்யாணப் பேச்சு எல்லாம் அங்கேதான். எனக்கு இடது கால் விளங்காது. என் கடைக் கூரையை யங்கித் என்கிறவள்தான் தள்ளித் தருவாள். இறங்கி வரும்போது உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் ஒரு கிண்ணம் கொடுப்பேன். நின்றபடியே குடித்துவிட்டுப் போவாள். அதிகம் பேசமாட்டாள்.

அவள் புருஷன் பல்ஸோர், தபால் பையைச் சுமந்து நடக்கிற ரன்னர். அவன் தம்பி தண்டுப்பும் ரன்னர்தான். ரோடு மூடிய பிறகு எங்கள் பள்ளத்தாக்குக்கும் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற குல்லுவுக்கும் நடுவே போய்வருகிறவர்கள் இவர்கள் மட்டும்தான். உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கினால் ஒரு கல் சத்திரம் உண்டு. கீழேயிருந்து குல்லு ரன்னர்கள் அதுவரை ஏறி வருவார்கள். நம் பையைக் கொடுத்து அவர்கள் பையை வாங்கிக்கொண்டு, மதியக் காற்று கிளம்புமுன் உச்சியைத் திரும்பத் தாண்டிவிட வேண்டும். ரன்னர் தனியாகப் போகக் கூடாது, பையைத் தனியாக விடக் கூடாது. இலாகா சொல்லியிருந்த சட்டம் இவ்வளவுதான்.

அந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து வானம் மூடியே கிடந்தது. தபால் ஆபீசில் பை கட்டிவைத்தபடி இருந்தது. ஆபீஸ் என்றால் ரிக்ஸின் மாஸ்டர் வீட்டு முன்னறை. பள்ளிக்கூடமும் அவர்தான், தபாலும் அவர்தான். ஆஸ்துமாக்காரர். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அரக்குக் காய்ச்சி முத்திரை வைப்பதற்குள் நாலு தடவை மூச்சு வாங்குவார்.

அந்தப் பையில் சோடோன் மகளுடைய மனு இருந்தது. சோடோன் புருஷன் இல்லாதவள். வாற்கோதுமைச் சாராயம் காய்ச்சி விற்று மகளை எட்டாவது வரை படிக்க வைத்திருந்தாள். மகள் பெயர் பெமா. நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். பள்ளிச் சான்றிதழின் அசலையே வைத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் மனு போய்ச் சேர வேண்டும். சோடோன் தினமும் காலையில் கூரையில் நின்றுகொண்டு மேற்கே கணவாயைப் பார்ப்பாள். பிறகு மாஸ்டர் வீட்டுக் கூரையைப் பார்த்து, "மாஸ்டர், என் மகள் கிழவியான பிறகு அனுப்பினாப் போதும், அவசரமில்ல" என்பாள். மாஸ்டர் இருமுவார்.

ஒருநாள் மேகம் கலைந்தது. பல்ஸோர் வழி எப்படியிருக்கிறது என்று பார்த்துவர ஏறிப் போனான். போன இடத்தில் அவனுடைய கறுப்புக் கண்ணாடி விழுந்து உடைந்துவிட்டது. புதுப்பனியில் வெயில் அடித்தால் கண் என்ன பாடுபடும் என்று அவனுக்குத் தெரியாதது இல்லை. கையை நெற்றியில் குவித்து வைத்துக்கொண்டே இறங்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல இருக்கிறது என்று சொல்லிப் படுத்தவன்தான். ஆறின தேயிலையைத் துணியில் வைத்து யங்கித் கண்ணைக் கட்டிவிட்டாள். இரண்டொரு நாளில் சரியாகிவிடும். ஆனால் வானம் அதுவரை காத்திருக்காது.

மறுநாள் தண்டுப் தயார். கூடப் போக ஆள் இல்லை. ஊரில் தெம்புள்ள ஆண்கள் இலையுதிர் காலத்திலேயே ஆடுகளை ஓட்டிக்கொண்டு குல்லுப் பக்கம் கூலிக்கு இறங்கிவிடுவது வழக்கம். மிச்சம் இருந்தவர்கள் என்னைப் போன்றவர்கள். மாஸ்டர் வீட்டில் பேச்சு நடந்தது. இந்த வெயிலை விட்டால் மாசி முடியும்வரை பை நகராது என்றார் மாஸ்டர். தனியாக அனுப்பவும் முடியாது, ஏதாவது ஆனால் தன் தலைதான் உருளும் என்றார். சோடோன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணு போனவனுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு? தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டுப் போகட்டுமே" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. யங்கித் மாட்டுக்கு வைத்த வில்லோ மரத்தழையின் தூசியைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே உள்ளே வந்து, "நான் போறேன்" என்றாள்.

அவள் கணவாய்க்குப் புதியவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு அப்பன் வீட்டு ஆடுகளோடு வருஷா வருஷம் தாண்டியவள். சுமை தூக்குவதில் பல்ஸோரை விடக் கெட்டி, தண்டுப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் சர்க்கார் பையை வேலையில் இல்லாத ஆள் தொடக் கூடாது. மாஸ்டர் அதைத்தான் இழுத்து இழுத்துச் சொன்னார். பல்ஸோரின் கறுப்புக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனால் தூரத்திலிருந்து யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் சோடோன். ஊரில் தூரத்திலிருந்து பார்க்க யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டேன். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் பல்ஸோர் கண்கட்டோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பனி சரியாமலிருக்க எந்த ஓடையைச் சத்தம் போடாமல் கடக்க வேண்டும், எந்தச் சரிவில் கம்பைக் குத்திப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். யங்கித் கேட்டுக்கொண்டே ஆட்டுமயிர்க் காலுறை மேல் வைக்கோல் செருப்பை இறுக்கிக் கட்டினாள். வாற்கோதுமை மாவில் வெண்ணெய் போட்டுப் பிடித்த உருண்டைகளையும் காய்ந்த இறைச்சித் துண்டுகளையும் மடியில் போட்டுக்கொண்டாள். அவனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு முகத்தில் கரி பூசினாள். வெயில் கூசாமலிருக்கக் கண்ணுக்கு மேலே யாக் மாட்டு மயிர்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். புறப்படும்போது சோடோன் வந்து பையைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"கீழே வச்சிடாத, யங்கித்து" என்றாள்.

"வைக்கமாட்டேன்க்கா."

மேலே நடந்ததெல்லாம் தண்டுப் பிற்பாடு எனக்குச் சொன்னது. அவன் பேச்சுக்காரன், பாதியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த விஷயத்தில் அவன் எத்தனை தடவை சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொன்னான்.

முதல் வெளிச்சத்தில் ஏற ஆரம்பித்திருக்கிறார்கள். பனி மேல்தோல் இறுகி, காலை வைத்தால் நொறுக்கென்று உடைந்து முழங்கால்வரை இழுத்திருக்கிறது. மதினி முன்னால் போனாளாம். "அவ கால் பதிச்ச குழியில நான் கால் வச்சுப் போனேன். முன்னாடி போற தைரியம் எனக்கில்லேன்னு நீங்க நெனைச்சுக்குங்க, பரவால்ல" என்றான். உச்சியில் காற்று இல்லை. சத்திரத்துக்கு இறங்கியபோது குல்லு ஆட்கள் வந்திருக்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே கிடந்த பனியைத் தள்ளி உட்கார்ந்து மாவு உருண்டை தின்றார்கள். தண்டுப்புக்குத் திரும்பிவிடலாம் என்று இருந்தது. மேற்கே மேகம் தலைகாட்டத் தொடங்கியிருந்தது.

"மணி அடிக்குது" என்றாள் யங்கித்.

குல்லு ரன்னர்களின் ஈட்டிக்கம்பில் சின்ன மணிகள் கட்டியிருக்கும்.

"காத்துல ஆடும், மதினி."

"காத்து இன்னும் கிளம்பல."

கேட்டுப் பார்த்தான். நடக்கிறவன் கம்பிலிருந்து வருகிற மணிச்சத்தம் ஒரு சீராக வரும். இது இரண்டு தடவை அடித்து நின்றது. கொஞ்சம் கழித்து ஒரு தடவை அடித்தது. அவள் பையைச் சத்திரத்தின் கல்மேடையில் வைத்தாள். பார்த்துவிட்டு வந்துவிடலாம், சுமையோடு இறங்கினால் ஏறுவது கஷ்டம் என்று தண்டுப்பும்தான் சொன்னான். கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு இறங்கினார்கள்.

சரிவில் ரொம்பக் கீழே துனி சந்த் கிடந்தான். குல்லு ரன்னர்களில் மூத்தவன். கூட வரவேண்டியவன் அன்றைக்கு ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டதால் தனியாக வந்திருக்கிறான். பனிச்சரிவு அவனை உருட்டிக்கொண்டு வந்து ஒரு பாறையில் அடித்துப் போட்டிருந்தது. இடுப்புவரை பனி. இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்தது. அவன் பை பக்கத்திலேயே கிடந்தது. குரல் எழுப்பத் தெம்பில்லாமல் கம்பை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டு பேரும் கையாலேயே தோண்டி எடுத்தார்கள். ஈட்டிக்கம்பை முறித்துக் காலோடு சேர்த்துக் கட்டினாள் யங்கித். அதற்குள் மேகம் உச்சிக்கு வந்துவிட்டது. சத்திரம் கண்ணுக்குத் தெரியவில்லை.

"நான் ஒரு ஓட்டம் ஓடிப் பையை எடுத்துட்டு வந்துடுறேன், மதினி" என்றான் தண்டுப்.

"நீ போனா ஒத்தையா இவரை என்னால இழுக்க முடியாது."

"பையை விட்டா வேலை போயிடும்."

"தெரியும். அந்த மேகத்தைப் பாரு. நீ போயிட்டுத் திரும்பி வருவியா?"

தண்டுப் மேகத்தைப் பார்த்தான்.

"வருவேன்னு நீ சத்தியம் பண்ணினாப் போ" என்றாள்.

அவன் கயிற்றை எடுத்தான். துனி சந்தின் பையையே அவனுக்கு அடியில் போட்டு, மேலே அவனைக் கிடத்திக் கம்பளியோடு சுற்றிக் கட்டினார்கள். யங்கித் முன்னால் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தாள். தண்டுப் பின்னால் உருண்டுவிடாமல் பிடித்துக்கொண்டான். சமதளம் வந்த இடங்களில் அவள் முதுகில் தூக்கிக்கொண்டாள். துனி சந்த் வழியெல்லாம் தன் ஊர்ச் சாமிகளைக் கூப்பிட்டுக்கொண்டும் நடுநடுவே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டும் வந்தானாம். யாரைத் திட்டுகிறான் என்று தண்டுப்புக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் போனவனாக இருக்கும் என்றான். இருட்டுவதற்குள் ரோட்டுவேலைக் கூலிகள் தங்கும் கொட்டகைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அப்போது இங்கே கொட்ட ஆரம்பித்த பனி நாள் கணக்கில் நிற்கவில்லை.

ஊரில் நாங்கள் ஒன்றும் தெரியாமல் இருந்தோம். பல்ஸோர் கண்கட்டை அவிழ்த்த அன்றே கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினான். முதல் ஓடை வரைக்கும் போக முடியவில்லை, திரும்பி வந்தான். அதற்குப் பிறகு அவன் வீட்டைப் பார்த்துக்கொண்ட விதம் ஊருக்கே தெரியும். மாடு அவனைப் பால் கறக்க விடவில்லை. யங்கித்தின் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்து கறந்தான். துக்பா என்கிற மாவுத்துண்டுச் சாறு காய்ச்சினால் மாவு கரைந்து கூழாகிவிடும், அதைக் குடித்துவிட்டுக் கூரையில் ஏறித் தள்ள வேண்டியதெல்லாம் தள்ளிய பிறகும் இறங்காமல் நிற்பான். என் கூரையையும் தள்ளித் தந்தான். தேநீர் கொடுத்தால் வாங்கமாட்டான்.

ஒருநாள் என்னிடம், "நான்தான் போகச் சொன்னேன்னு ஊர்ல பேசுறாங்களா?" என்று கேட்டான்.

யாரும் அப்படிப் பேசவில்லை என்றேன்.

"நான் போகாதேன்னும் சொல்லலயே" என்றான்.

மேல் ஊரில் போலீஸ் வயர்லெஸ் உண்டு. அங்கிருந்து ஒருவன் பனியில் விழுந்து எழுந்து செய்தி கொண்டுவந்தான். ரன்னர் இருவரும் கீழே பத்திரம். குல்லு ரன்னர் ஒருவன் ஆஸ்பத்திரியில். வயர்லெஸ்ஸில் ரன்னர் இருவர் என்றுதான் வந்திருந்தது. பல்ஸோர் கேட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தான். அழுதானா என்று நான் பார்க்கவில்லை. சோடோன் ஓடிவந்து, "பை?" என்றாள். பையைப் பற்றிச் செய்தியில் ஒன்றும் இல்லை.

மாசி கடைசியில் இரண்டு பேரும் கணவாயைத் தாண்டி வந்தார்கள். வழியில் சத்திரம் இருந்த இடத்தைத் தேடியிருக்கிறார்கள். மலைச்சரிவுப் பனி மொத்தமாக இறங்கி அதை மூடியிருந்தது. கம்பை எவ்வளவு குத்தியும் கூரை தட்டுப்படவில்லை. யங்கித் வீட்டுக்குப் போகுமுன் நேராகச் சோடோன் வாசலுக்குப் போனாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை, பேச்சு நீளவும் இல்லை. சோடோன் கதவைச் சாத்திக்கொண்ட சத்தம்தான் எல்லோருக்கும் கேட்டது. அன்றிலிருந்து அவள், கூரையில் யங்கித் நின்ற பக்கம் முதுகைக் காட்டியே பனி தள்ளினாள். ஒருநாள் எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "அவங்க ஊர்ப் பை மட்டும் ஆளுக்கு மெத்தையாப் பத்திரமாப் போய்ச் சேர்ந்துச்சு. நம்ம ஊர்ப் பை பனிக்கு" என்றாள். யங்கித் கேட்டுக்கொண்டே தன் வேலையைச் செய்தாள். பெமாவின் பேர் அந்த வருஷப் பட்டியலில் வரவில்லை. மேல் ஊரில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாகப் பேச்சு ஆரம்பமாயிற்று. பெமா ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போதும் யாரிடமும் பேசுவதில்லை.

ஆனியில் ரோடு திறந்தது. பனி வெட்டும் ஆட்கள் சத்திரத்தின் கற்களுக்கு நடுவிலிருந்து பையை எடுத்துவந்தார்கள். மாஸ்டர் ஒவ்வொரு கடிதமாகப் பிரித்துக் கூரைமேல் கல் வைத்துக் காயவைத்தார். பெமாவின் சான்றிதழில் மை எல்லாம் கரைந்து, நீலத்தண்ணீரில் முக்கி எடுத்த காகிதமாக இருந்தது. சோடோன் அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மாஸ்டரையே உட்காரவைத்து ஒரு புகார் எழுதச் சொல்லி, அவர் எழுதியதில் கைநாட்டு வைத்துக் கொடுத்தாள். தன் பெயருக்கு எதிராகவே எழுதும்படி ஆகிவிட்டதே என்று மாஸ்டர் என்னிடம் வந்து சொன்னார். எழுதாமல் இருந்திருக்கலாமே என்றேன். தபால் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு எப்படி மாட்டேன் என்பது என்றார்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். பையை விட்டதற்கு விசாரணை என்பதுதான் அவர் வந்த காரணம். ஆனால் அதைவிடப் பெரிய வினை துனி சந்தின் நன்றியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவனுடைய முறிந்த காலை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியதைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், ஒரு பெண்பிள்ளை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறான். அது கீழே ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. சர்க்கார் பையை ஒரு பெண் தூக்கினாளா, யார் கொடுத்தது, யார் அனுமதித்தது? உண்மை வெளியே வந்தால் மாஸ்டருக்கும் வேலை இல்லை, அண்ணன் தம்பிக்கும் இல்லை.

அவர் வருவதற்கு முதல்நாள் மாஸ்டர் எல்லோரையும் கூட்டிவைத்துப் பல்ஸோர்தான் போனான் என்று சொல்லிவிட வேண்டும் என்றார். பல்ஸோர் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"படுத்துக் கெடந்தவன் நான். தூக்கினது அவ. நான் தூக்கினேன்னு எந்த வாயால சொல்றது?"

யங்கித் அடுப்பில் சாணவறட்டி வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "சொல்லிட்டுப் போ. உன் கோட்டு போனது நெசந்தானே" என்றாள்.

தண்டுப் சிரித்துவிட்டான். பல்ஸோருக்குச் சிரிப்பு வரவில்லை.

மாஸ்டர் வீட்டுக் கூரையில் கம்பளி விரித்து விசாரணை நடந்தது. இன்ஸ்பெக்டர் சமவெளிக்காரர். உயரம் ஒத்துக்கொள்ளாமல் நெற்றியை அமுக்கிக்கொண்டே இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. எப்போது கிளம்பினீர்கள், எந்த வழியில் போனீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். பல்ஸோர் சொன்னான். எத்தனையோ தடவை போன வழி, அதில் தடுமாற்றம் இல்லை. மணிச்சத்தம் கேட்டதைச் சொன்னான். பையைக் கல்மேடையில் வைத்ததைச் சொன்னான். சொல்லும்போது குரல் இறங்கிக்கொண்டே போயிற்று.

"எந்தக் கால் முறிஞ்சிருந்தது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வலது" என்றான் பல்ஸோர்.

"இடது" என்றான் தண்டுப். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

மாஸ்டருக்கு இருமல் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவைத்தார். கூரை மூலையில் உட்கார்ந்திருந்த சோடோனைப் பார்த்தார். புகார் கொடுத்தவள் அவள்தான். அவளுக்கு இவர்கள் யார்மேலும் இரக்கம் இருக்க வழியில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"நீங்க சொல்லுங்கம்மா. அன்னைக்குப் பையைத் தூக்கிட்டுப் போனது யாரு?"

ஏணிக்குப் பக்கத்தில் யங்கித் தேநீர்க் கெண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். சோடோன் அவளைப் பார்க்கவில்லை.

"இவன்தான். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கிட்டு எங்க வாசல் வழியாத்தான் போனான். பையைத் தொட்டுக் கும்பிட்டு அனுப்பினவ நான்."

"துனி சந்த் பொம்பளைன்னு சொல்றாரே?"

"மூஞ்சியெல்லாம் கரி, கண்ணை மூடி மயிர்த்திரை. பனியில வர்றவன் என் புருஷனா இருந்தாலும் எனக்குத் தெரியாது. அடிபட்டுக் கெடந்த மனுஷனுக்கு ஆத்தா ஞாபகம் வந்திருக்கும்."

"கால் எதுன்னு இவருக்குத் தெரியலையே?"

"முன்னாடி நின்னு பார்த்தா வலது. பின்னாடி நின்னு தூக்கினா இடது."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். அப்புறம், அவள் மகளுடைய மனு வீணாகிவிட்டதற்கு இவன்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறாளா என்று கேட்டார்.

"எடுத்தா மனு போய்ச் சேர்ந்துடுமா?" என்றாள் சோடோன்.

அவர் எழுதிக்கொண்டார். சக ரன்னரைக் காப்பாற்ற வேண்டிப் பையை விட நேர்ந்தது, எச்சரிக்கையோடு விடலாம் என்று எழுதியதை மாஸ்டர் எட்டிப் படித்திருக்கிறார். போகும்போது இன்ஸ்பெக்டர் பல்ஸோரின் தோளைத் தட்டி, நல்ல காரியம் செய்தாய் என்றார். பல்ஸோர் அதற்குப் பிறகு அன்று முழுவதும் வயலிலேயே இருந்தான். வாய்க்காலில் தண்ணீர் திருப்பிவிடுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

ஜீப் போனதும் யங்கித் சோடோன் வீட்டுக்குப் போனாள். நான் காலிச் சாராய ஜாடிகளைத் திருப்பிக் கொடுக்க அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். சோடோன் ஊறவைத்த வாற்கோதுமையைக் கம்பளியில் பரப்பிக்கொண்டிருந்தாள். பெமா அடுப்படியில் இருந்தாள்.

யங்கித் நின்றுகொண்டே, "அக்கா" என்றாள்.

"உனக்காகச் சொல்லல" என்றாள் சோடோன். "இவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டா, வர்ற பனிக்கு யார் போவா? கீழேயிருந்து ஆள் வருவானா? இன்னும் நாலு பேர் காகிதம் போகணுமில்ல."

யங்கித் தலையாட்டினாள்.

"மாஸ்டர் புதுசாச் சான்றிதழ் எழுதிக் கேட்டு வாங்கித் தர்றேங்கிறார். அடுத்த வருஷமும் மனுப் போடலாமாம். வயசு இருக்காம். மறுபடியும் உங்க வீட்டுக் கையிலதான் கொடுக்கணும்." சோடோன் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். "ஒண்ணு சொல்லு. இந்தத் தடவை என் பிள்ளை காகிதத்தை எதுக்காகவும் கீழே வைக்க மாட்டேன்னு சொல்லு. போதும் எனக்கு."

பெமா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போக ஒரு நிமிஷம் ஆகாது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"இல்லக்கா" என்றாள் யங்கித். "ஆள் கெடந்தா வச்சிடுவேன்."

சோடோன் அவளையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து நான் கம்பை ஊன்றி எழுந்துகொண்டேன். அவள் திட்டவில்லை. திரும்பவும் குனிந்து தானியத்தைப் பரப்பினாள். பரப்பின இடத்தையே மறுபடி மறுபடி பரப்பினாள்.

"அப்ப காகிதத்தை அனுப்பல. பிள்ளையவே அனுப்புறேன்" என்றாள்.

அந்த இலையுதிர் காலத்தில், கணவாய் மூடுமுன், உருளைக்கிழங்கு லாரியில் பெமா குல்லுவுக்குப் போனாள். மனுவை நேரில் கொடுப்பது, அதுவரை துனி சந்த் வீட்டில் தங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. அவன் ஒற்றைக் காலோடு வீட்டில் இருந்துகொண்டு, வரச் சொல்லுங்கள் வரச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தான். வீட்டைக் காட்டிவிட்டு வர யங்கித்தும் கூடப் போனாள். சோடோன் கணவாயைத் தாண்டியதில்லை. மகளை விட்டுவர அவளும் ஏறிக்கொண்டாள். கடைக்குச் சாமான் எடுக்க நானும் போனேன். மூட்டைகளுக்கு மேலே எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சோடோனும் யங்கித்தும் எதிரெதிர் ஓரத்தில்.

உச்சியைத் தாண்டி இறங்கியதும் இன்ஜின் சூடு தணியட்டும் என்று டிரைவர் நிறுத்தினான். சத்திரத்தைக் கூலிகள் புதுக்கல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இறங்கினோம். சோடோன் சாலை ஓரம் போய் நின்று கீழே பார்த்தாள். பனி இல்லாத சரிவு. கல்லும் முள்ளும் வெடிப்புமாக இறங்கி, எங்கோ அடியில் கூலிக் கொட்டகையின் தகரம் நகக்கண் அளவுக்கு மினுங்கியது.

"அதுவரைக்குமா?" என்றாள்.

"ஆமா" என்றாள் யங்கித். "பனி இருந்தா இவ்வளவு தெரியாதுக்கா. வழுக்கிட்டுப் போகும்."

சோடோன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். டிரைவர் ஹாரன் அடித்தான். ஏறும்போது பெமா முதலில் ஏறித் தாய்க்குக் கை கொடுத்தாள். சோடோன் ஏறிக்கொண்டு பழைய இடத்துக்குப் போகாமல் நடுவிலேயே நின்றாள். கீழே நின்ற யங்கித்துக்குக் கையை நீட்டினாள்.

"ஏறு. காத்து கிளம்பிடும்" என்றாள்.